280 சி.ஈ: கே-ஜெட்ரோனிக் கடைசியில் வழிக்கு வந்தது

நேற்றுக் காலை வெளியே 4 பாகை. சாவியைத் திருப்பினேன், இரண்டு சுற்றில் பிடித்தது, பிடித்ததும் அணையவில்லை. கே-ஜெட்ரோனிக் என்ற, போஷின் இயந்திரமுறைப் பெற்றோல் தெளிப்பு அமைப்பு உள்ள பழைய பென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த 'அணையவில்லை' என்பதன் பெறுமதி தெரியும்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: 1982 மொடல் 280 சி.ஈ கூபே, வெளிர் பச்சை மெற்றாலிக். சவர்லாந்துப் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டிலில், பழைய உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில், 2009இல் பதிவு நீக்கியதில் இருந்து அப்படியே நின்றது. நாலு ரயரும் தரையோடு தட்டை. ஏர் பில்ரர் பெட்டிக்குள் எலிகள் குடும்பம் நடத்தியிருக்கின்றன. மச்சான் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "உந்தக் காசுக்கு ஓடுற கார் ஒண்டு வாங்கியிருக்கலாம்" என்றான். அவன் சொல்வதில் பிழையில்லை.

செடான் ஏன் வாங்கவில்லை என்றும் பலர் கேட்டுவிட்டார்கள். டபிள்யூ123 (இந்த வரிசைக்குத் தொழிற்சாலை வைத்த பெயர்) செடான் என்றால் இங்கே ஜேர்மனியில் டாக்சி. அந்த வரிசையில் மொத்தம் 27 லட்சம் அளவில் செய்தார்கள்; கூபே அதில் ஒரு லட்சம்கூட இல்லை. 1977இல் ஜெனீவாவில் காட்டினார்கள். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே செடானைவிட 85 மில்லிமீற்றர் குறைவு. நடுத்தூண் கிடையாது. நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டால் பக்கம் முழுவதும் ஒரே திறப்பு. அதற்காகத்தான் வாங்கினேன், வேறு நியாயம் எதுவும் சொல்லப் போவதில்லை.

கறள் எதிர்பார்த்த இடங்களில்தான்: ஜாக் வைக்கும் நாலு இடமும், பின்சில்லு வளைவுகளும், ஸ்பெயார் ரயர் குழியும். பின் கண்ணாடியின் கீழ் மூலைகள் இரண்டும் கொப்பளித்திருக்கின்றன, குழிக்குள் தண்ணீர் வந்த வழியும் அதுதான். வெல்டிங் பாதியில் நிற்கிறது. படம் போட இன்னும் மனம் வரவில்லை.

சரி, எஞ்சின். எம்110, 2746 சிசி, இரட்டைக் காம்ஷாப்ற், 185 குதிரைவலு. ஆறு சிலிண்டரிலும் கொம்பிரஷன் ஒன்றுக்கொன்று கிட்டக் கிட்ட வந்தது, தீப்பொறியும் நன்றாக இருந்தது. தாங்கியில் கிடந்த பழைய பெற்றோல் வார்னிஷ் மணத்துடன் பழுப்பாக வந்தது. தாங்கி, அதன் அடி வலை, பம்ப், பில்ரர், இறப்பர்க் குழாய்கள் எல்லாவற்றையும் வழக்கம்போலச் செய்து முடித்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதன் பிறகும் குளிரில் பிடித்து, நாலு தரம் இருமி, அணைந்துகொண்டே இருந்தது.

கே-ஜெட்டில் கை வைக்கும் ஆட்கள் எடுத்தவுடன் தேடுவது நீள அலன் சாவியை. காற்றுக்கு எவ்வளவு பெற்றோல் என்று தீர்மானிக்கும் கலவைத் திருகாணி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, திருப்பச் சுலபம். கெடுவதும் அதனால்தான். என் வண்டியிலும் யாரோ நன்றாகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். கழற்றிய பிளக் ஆறும் கரி பிடித்துக் கறுப்பு. காலையில் பெற்றோல் போதாமல் சாகும் எஞ்சினில் பிளக் ஏன் கறுக்கிறது? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த மனிதர் சாவியைக் கீழே வைத்திருப்பார்.

அமுக்கத்தை அளக்காமல் கே-ஜெட்டில் ஒன்றையும் தொடக் கூடாது. இதை எத்தனை பேர் எத்தனை தரம் சொன்னாலும் கேட்பார் இல்லை, நானும் ஒருமுறை சொல்லி வைக்கிறேன். மானியும் மூவழி வால்வும் உள்ள செற்றை, பெற்றோலைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றருக்கும், குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் வார்ம்-அப் ரெகுலேற்றருக்கும் இடையில் பூட்டினேன். வால்வு மூடியபோது சிஸ்ரம் அமுக்கம் 5.4 பார். நல்லது. வால்வைத் திறந்து, எஞ்சின் முழுக் குளிரில் இருக்கும்போது கட்டுப்பாட்டு அமுக்கத்தைப் பார்த்தால் எடுத்த எடுப்பில் 3.3. குளிரில் அது 1 பாரை ஒட்டி நிற்க வேண்டும், சூடு ஏற ஏறத்தான் 3.6 பக்கம் போக வேண்டும். (ரெகுலேற்றர் மேல் அடித்த இலக்கத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், அட்டவணையைப் பாருங்கள்.)

நோய் அங்கேயே பிடிபட்டது. அந்த அமுக்கம் டிஸ்ரிபியூற்றரின் பிளஞ்சரை மேலிருந்து அமத்துகிறது. அது கூடினால், எஞ்சின் இழுக்கும் காற்றில் எழும்பும் காற்றுத் தட்டு பிளஞ்சரைப் போதிய அளவு தூக்காது, பெற்றோல் குறையும், குளிர்ந்த எஞ்சின் பட்டினி கிடக்கும். அதைத் திருகாணியால் ஈடுகட்டினால் காலையில் எப்படியோ ஓடும். சூடானதும் ரெகுலேற்றர் சரியான இடத்துக்கு வந்துவிடும், ஆனால் திருகாணி கொடுத்த மேலதிகப் பெற்றோல் அப்படியே நிற்கும். கரி பிடித்த பிளக்கின் கதை இதுதான்.

ரெகுலேற்றரைக் கழற்றுவதில் இரண்டே போல்ற், ஆனால் கை போகும் இடத்தில் சாவி போகாது. திறந்து பார்த்தால், உள்ளே பெற்றோல் வரும் துவாரத்தில் இருக்கும் சின்ன வலை பழுப்புப் பிசினால் முழுவதும் மூடியிருந்தது. உள்ளே இருப்பது பெரிய விஷயமே இல்லை: ஒரு மெல்லிய உருக்குத் தகடு, சுருள்வில், சூடேற்றும் கம்பி சுற்றிய இரட்டை உலோகப் பட்டை. கம்பியின் தடை இருபது சொச்சம் ஓம் காட்டியது, உயிரோடு இருக்கிறது. அந்த மெல்லிய தகட்டை மட்டும் நகம்கூடப் படாமல் எடுக்க வேண்டும், மடங்கினால் வண்டிக்கு இன்னொரு ரெகுலேற்றர் தேட வேண்டியதுதான். அல்ட்ராசொனிக் தொட்டியில் போட்டுக் கழுவிப் பூட்டினேன். 2.1 பார். இறங்கியிருக்கிறது, ஆனால் காணாது.

அடுத்ததுதான் என் பொறுமையைத் தின்ற வேலை. இரட்டை உலோகப் பட்டையைத் தாங்கும் முளை ஒன்று பெட்டிக்குள் இறுக்கி அடித்திருக்கும். அதை வெளியே இருந்து உள்ளே தட்டினால் குளிர் அமுக்கம் குறையும். கூடத் தட்டிவிட்டால் திரும்ப வெளியே தள்ளுவதற்கு முழுவதையும் பிரிக்க வேண்டும். பித்தளைக் கம்பி ஒன்றை வைத்து, சின்னச் சுத்தியலால், தட்டியதா தொட்டதா என்று தெரியாத அளவுக்கு ஒரு தட்டு. மானி 0.2 இறங்கும். சில நேரம் ஒன்றுமே இறங்காது. சில நேரம் 0.4. இதைவிடக் கரைச்சல், ஒவ்வொரு அளவுக்கும் எஞ்சின் முழுவதும் ஆற வேண்டும். புளொக்கின் சூடு ரெகுலேற்றருக்கு ஏறினால் மானி பொய் சொல்லும். ஆகவே மாலைக்கு ஒரு தட்டு, அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. முளையில் எம்6 மரை வெட்டி, போல்ற் போட்டுத் திருப்பக்கூடிய மாதிரிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். கெட்டித்தனம்தான், ஆனால் நான் பெட்டியில் ஓட்டை போட விரும்பவில்லை.

இப்போது 4 பாகையில் 1 பாருக்கு ஒரு மயிரிழை மேலே தொடங்கி, சில நிமிடத்தில் 3.6இல் போய் நிற்கிறது. இதற்குப் பிறகுதான், இதற்குப் பிறகு மட்டும்தான், சூடான எஞ்சினில் சீ.ஓ. மானி (புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டை அளப்பது) வைத்துக் கலவைத் திருகாணியைத் தொட்டேன். பெருமை பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

இடையில் ஒன்று. "முழுதாகப் புதுப்பித்தது" என்று இணையத்தில் ஒருவர் விற்ற ரெகுலேற்றரையும் வாங்கிப் பார்த்தேன், ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று. வெளியே வெள்ளிப் பெயின்ற் பளபளத்தது. உள்ளே என்னுடையதில் இருந்த அதே பிசின், அதே அடைப்பு. பெயின்ற் அடித்ததைத்தான் புதுப்பித்தது என்று சொல்லியிருக்கிறார் போல. காசு திரும்பி வந்தது, தபால் செலவு வரவில்லை. டிஸ்ரிபியூற்றர் போன்ற பெரிய சாமானுக்கு நம்பிப் போவதென்றால் போஷ் நிறுவனத்தின் பழைய வண்டிப் பிரிவே மேல்.

இன்ஜெக்ரர் ஆறையும் வெளியே எடுத்து, ஒரே அளவான ஆறு ஜாம் போத்தலில் விட்டு, பம்பை நேரே ஓட்டி, காற்றுத் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். வெளி முற்றத்தில், தீயணைப்பான் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கராஜுக்குள் வேண்டாம். நாலு நன்றாகத் தூவியது. ஒன்று குழாய்த் தண்ணீர் மாதிரி ஒழுகியது, இன்னொன்று சொட்டியது. ஆறையும் மாற்றிவிட்டேன். மாற்றும்போது ஓ-ரிங்குகளையும் மாற்றுங்கள். பழையவை பிளாஸ்ரிக் ஆகியிருக்கும், அந்த வழியால் கள்ளக் காற்று உள்ளே போகும். கள்ளக் காற்று இருந்தால் மேலே எழுதிய அத்தனை தட்டும் வீண். பெற்றோல், இனிமேல் சூப்பர் பிளஸ் மட்டும். பத்து வீதம்வரை எதனோல் கலந்த ஈ10 பக்கம் போவதில்லை.

இலக்கத்தகட்டைப் பற்றியும் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். முப்பது வருடம் தாண்டிய வண்டி என்பதால் பழைய வண்டிகளுக்கான எச் இலக்கத்தகடு எடுக்கலாம், வரி வருடத்துக்கு 191.73 யூரோ. அது இல்லாவிட்டால் கற்றலைற்றர் இல்லாத 2.8 லீற்றருக்கு 700 யூரோவுக்கு மேல் போகும், புகை கூடிய வண்டிகளை விடாத நகரத்துச் சுற்றாடல் வலயத்துக்குள் நுழையவும் முடியாது. டோட்முண்டில் இருந்துகொண்டு இந்த வலயங்களைத் தொடாமல் வண்டி ஓட்ட வழியில்லை. நிபுணர் வந்து பார்க்கும்போது கறளில் ஒட்டுப் போட்டு மறைத்த வேலை இருக்கக் கூடாது. அதனால்தான் வெல்டிங்கில் அவசரப்படவில்லை.

கதவுப் பூட்டு இன்னொரு அத்தியாயம். வாக்குவத்தில் வேலை செய்யும் மத்தியப் பூட்டு, எங்கேயோ மூச்சு விடுகிறது. சாரதி பக்கத்தைப் பூட்டினால் டிக்கி மட்டும் கேட்கிறது, மற்றவை கேட்பதில்லை. டயபிரம்கள் செடானுடையவை பொருந்துமானால் ஒக்ரோபரில் மான்ஹைமில் நடக்கும் வெற்றராமா பழைய வண்டிச் சாமான் சந்தையில் கை நிறைய அள்ளலாம். முன்பக்கச் சாமான்களுக்குக் கவலையில்லை, செடான்கள் நிறையக் கிடக்கின்றன. கதவு, பக்கக் கண்ணாடி, கூரை ஓர இறப்பர் என்று கூபேக்கே உரியவை வந்தால்தான் விற்பவனுக்கு முகம் மலர்கிறது.

அடுத்த வேலை பின் கண்ணாடி. எடுத்து, மூலைகளை வெட்டி, புதுத் தகடு போட வேண்டும். ஆனால் இறப்பர் கைக்கு வரும்வரை கண்ணாடியைத் தொடுவதாக இல்லை. கண்ணாடியைக் கழற்றிய பிறகு "இருப்பில் இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் பொலித்தீன் கட்டிக்கொண்டு நிற்க நான் தயாரில்லை.