பயத்தைச் சுரக்கும் கட்டி

எனக்கு வந்த கட்டியின் பெயர் ஃபியோகுரோமோசைட்டோமா. டாக்டர் சொன்னது காதில் ஏறவே இல்லை, ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். பத்து லட்சம் பேரை எடுத்துக்கொண்டால், ஒரு வருடத்தில் 2 முதல் 8 பேருக்குத்தான் இது கண்டுபிடிக்கப்படுகிறதாம். சிறுநீரகத்தின் மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியில் வளர்வது. அட்ரீனலின், நார்அட்ரீனலின் இரண்டையும் சுரப்பதுதான் அந்த உட்பகுதியின் வேலை. நாய் துரத்தினால் நம்மை ஓட வைக்கிற ஹார்மோன்கள். இந்தக் கட்டிக்கு நாய் தேவையில்லை, நினைத்த நேரத்தில் அள்ளிக் கொட்டிவிடும்.

அதனால்தான் கண்டுபிடிக்க அவ்வளவு காலம் ஆனது. சும்மா உட்கார்ந்திருப்பேன், திடீரென்று தலை பிளக்கும், சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், ஏதோ நடக்கப்போகிறது என்று ஒரு கிலி வரும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். டாக்டரிடம் போய் நிற்கும்போது பி.பி. ஒழுங்காக இருக்கும். "டென்ஷனைக் குறைங்க" என்பார்கள். பதற்றத்துக்கு மாத்திரையும் சாப்பிட்டேன். இப்படி வருபவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் பதற்றம்தான் காரணம் என்பதால், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கடைசியில் ஒரு டாக்டர்தான், படபடப்பு வரும் நேரத்திலேயே பி.பி. பார்த்துக் குறித்துவரச் சொன்னார். அந்த எண்ணைப் பார்த்ததும் மெட்டாநெஃப்ரின் (அந்த ஹார்மோன்கள் உடைந்து உண்டாகும் பொருள்) பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

இந்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் சேர்த்துக் கொடுக்கலாம், அல்லது ரத்தம் கொடுக்கலாம். ரத்தம் என்றால் எடுப்பதற்கு முன் 20, 30 நிமிடமாவது படுத்திருக்க வேண்டும். உட்கார்ந்தபடி கொடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டக்கூடும். மன அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் அளவை ஏற்றிக் காட்டும் என்பதால், என்னென்ன சாப்பிடுகிறோம் என்ற பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது. அப்புறம் சி.டி. ஸ்கேன். கட்டி தெரிந்தது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்வி, "கேன்சரா, இல்லையா?" ஆம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் முடிகிற கேள்வி இல்லை இது. உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வகைப்பாட்டிலேயே, சாதாரணக் கட்டி, புற்றுக்கட்டி என்று இதைப் பிரிப்பதை விட்டுவிட்டார்கள். எல்லாக் கட்டிக்கும் பரவும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு, ஆனால் பெரும்பாலானவை பரவுவதில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். சரி, ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்துவிடலாமே என்றார் சித்தப்பா. அதைத்தான் செய்யக் கூடாது. ஊசி பட்டால் கட்டி ஹார்மோனைக் கொட்டி, பி.பி. உயிருக்கே ஆபத்தாக எகிறலாம். பாதிப் பதிலோடு காலம் தள்ளுவது எனக்குப் பழகிவிட்டது. சொந்தக்காரர்களுக்கு இன்னும் பழகவில்லை.

கட்டி என்று தெரிந்தால் மறுநாளே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இதில் அவசரம்தான் ஆபத்து. முதலில் ஆல்ஃபா பிளாக்கர் என்ற மாத்திரை கொடுத்து, இறுகிக் கிடக்கும் ரத்தக்குழாய்களைத் தளர்த்த வேண்டும். குறைந்தது 7 முதல் 14 நாள் ஆகும். கூடவே உப்பும் தண்ணீரும் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இத்தனை நாள் குழாய்கள் சுருங்கியே இருந்ததால் உடம்பில் ரத்தத்தின் அளவும் குறைந்திருக்குமாம். பி.பி. நோயாளியிடம் உப்பை அள்ளிப் போடு என்றால் யார் நம்புவார்கள்? என் அம்மா நம்பவில்லை, டாக்டரிடமே ஒரு தடவை கேட்டுக்கொண்டார். மாத்திரையால் மூக்கடைப்பு வரும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். படபடப்புக்கு வழக்கமாகத் தரும் பீட்டா பிளாக்கரை இதற்கு முன்னால் கொடுத்தால் பி.பி. இன்னும் ஏறிவிடலாம், ஆல்ஃபா வேலை செய்த பிறகுதான் அது.

இன்னொன்றும் சொன்னார்கள். வாந்திக்குச் சாதாரணமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு, சில ஸ்டீராய்டுகள் எல்லாம் இந்தக் கட்டியைத் தூண்டிவிடலாம். நோயின் பெயரையும் இந்த மருந்துகளையும் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். மயங்கி விழுந்தால் நான் பேச முடியாது, அந்தச் சீட்டு பேசும்.

காத்திருந்த அந்த நாட்களில் என்னைக் குழப்பியது வேறு. நோயை நினைத்தால் பயம் வரும், நெஞ்சு அடிக்கும். இது என் பயமா, கட்டி கொட்டியதா? நடுராத்திரியில் அந்தக் கேள்வியே இன்னொரு சுற்றுப் படபடப்பைக் கொண்டுவரும். பக்கத்தில் பி.பி. கருவி இருந்ததால், பயம் வரும்போதெல்லாம் அளந்து, மனதில் என்ன ஓடியது என்று எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுத ஆரம்பித்தேன். பயந்தாலும் பி.பி. கொஞ்சம் ஏறும்தான். ஆனால் கட்டி ஏற்றுகிற ஏற்றம் தனி, அதற்குக் காரணமும் இருக்காது. மாத்திரை பிடிக்கப் பிடிக்க, காரணமில்லாத வரிகள் குறைந்தன. "தங்கச்சிக்கும் இருந்தால்?" மாதிரியான வரிகள் மிஞ்சின. மிஞ்சியதெல்லாம் எனக்குச் சொந்தமானது என்று தெரிந்ததே ஒரு நிம்மதி. அதைப் பற்றி யாரிடமாவது பேசலாம், கட்டியிடம் என்ன பேசுவது?

இணையத்தில் தேடியதில் "பத்து சதவீத விதி" என்று ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. பரம்பரையாக வருவது பத்து சதவீதம்தான் என்பது அதில் ஒன்று. அது பழைய கணக்கு. இன்றைக்கு 30 முதல் 40 சதவீதம் பேருக்கு மரபணுக் காரணம் இருக்கிறது என்கிறார்கள், அதனால் எந்த வயதுக்காரருக்கும் மரபணுப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறார்கள். என் நோயை நான் ஒருவழியாகத் தாங்கிக்கொண்டேன். தங்கையிடம் "உனக்கும் பார்க்க வேண்டியிருக்கலாம்" என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒருவழியாகச் சொன்னபோது அவள் கேட்டுவிட்டு, "சரிண்ணே, எப்போ போகணும்?" என்றாள். என் பரிசோதனையில் ஆர்.இ.டி., வி.எச்.எல்., எஸ்.டி.எச்.பி. என்று தேடிய எந்த மரபணுவிலும் கோளாறு தெரியாததால், அவள் போக வேண்டியிருக்கவில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன் நான் கேட்டது ஒரே கேள்வி. இந்தக் கட்டியை இந்தக் குழு இதற்கு முன் எடுத்திருக்கிறதா? சர்ஜனை விட மயக்க மருந்து டாக்டரிடம்தான் அதிகம் கேட்டேன். கட்டியைத் தொடும்போது பி.பி. எகிறும், அதன் ரத்தக்குழாயைக் கட்டியதும் சரசரவென்று இறங்கும், இரண்டையும் பிடித்து நிறுத்துகிறவர் அவர்தான். லேப்ராஸ்கோப்பியில் சின்னத் துளைகள் வழியாகவே எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு பி.பி.யோடு சர்க்கரையும் இறங்கலாம் என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். அதைப் பற்றி எனக்குப் பெரிதாக ஞாபகமில்லை.

இனி வருடா வருடம் மெட்டாநெஃப்ரின் பார்க்க வேண்டும். குறைந்தது 10 வருடம், சிலருக்கு வாழ்நாள் முழுக்க. பரிசோதனைக்கு முந்தைய நாள் தூக்கம் வருவதில்லை, நெஞ்சும் அடிக்கிறது. கருவியை எடுத்து அளந்து பார்க்கிறேன், அது என் பயம்தான். தங்கைக்கு போன் போட்டுவிடுவேன்.