மெல்ல மெல்ல மூழ்கிய மெட்ஸ்

ஜூன் 12 இரவு நியூயார்க் மெட்ஸ் அணியின் கணக்கு 45 வெற்றி, 24 தோல்வி. மொத்த மேஜர் லீக் பேஸ்பாலிலும் அன்றைக்கு அதைவிட நல்ல கணக்கு யாருக்கும் இல்லை. செப்டம்பர் 28 சாயங்காலம் பார்த்தால் 83-79, பிளேஆஃபில், அதாவது பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகளில், இடமில்லை. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் போன 2025 கோடையைப் போல இன்னொன்று எனக்கு வாய்க்குமா தெரியாது. நான் ஃபிலடெல்ஃபியாவின் அணியான ஃபில்லீஸின் ரசிகன். தெற்கு நியூஜெர்சியில் செர்ரி ஹில்லில் வீடு, ஆற்றைத் தாண்டினால் ஃபிலடெல்ஃபியா. என் மனைவியின் அண்ணன் எடிசனில் இருக்கிறார், அவர் மெட்ஸ் ரசிகர். நியூஜெர்சியின் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் எங்கள் ஊர் முடிந்து அவர்கள் ஊர் தொடங்குகிறது. எங்கள் குடும்பத்தில் அந்தக் கோடு சாப்பாட்டு மேசைக்கு நடுவிலேயே ஓடுகிறது.

எதிரணி வீழ்வதை ரசிக்க பேஸ்பாலைப் போல் தோதான ஆட்டம் வேறு இல்லை என்பது என் கட்சி. ஐ.பி.எல்.லில் ஒரு அணிக்கு 14 லீக் ஆட்டங்கள். இரண்டு வாரம் சரியாக ஆடாவிட்டால் கதை முடிந்துவிடும், ரசிக்க நேரமே இருக்காது. இங்கே 162. ஏறக்குறைய தினமும் ஆட்டம். ஒரு அணி கெட்டுப்போக வேண்டும் என்றால் தவணை தவணையாகத்தான் கெட்டுப்போக முடியும். காலையில் எழுந்து காபி கலக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஃபில்லீஸ் ஸ்கோர், அடுத்த நொடி மெட்ஸ் ஸ்கோர். ஜூலை, ஆகஸ்டில் பல நாள் இந்த வரிசையே மாறிப்போனது.

இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை, ஏனென்றால் கணக்கே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். லீக்கில் அணிகளைப் பிரிவுகளாக வைத்திருக்கிறார்கள், எங்களுக்கும் மெட்ஸுக்கும் ஒரே பிரிவு. அந்தப் பிரிவுப் பட்டத்துக்கு ‘மேஜிக் நம்பர்’ என்று ஒன்று உண்டு. 163-இலிருந்து நம் வெற்றிகளைக் கழிக்க வேண்டும், பிறகு இரண்டாம் இடத்து அணியின் தோல்விகளைக் கழிக்க வேண்டும். மிச்சம் வருவதுதான் மேஜிக் நம்பர். அது பூஜ்யம் ஆனால் பட்டம் நமக்கு. நாம் ஒன்று ஜெயித்தால் ஒன்று குறையும், அவர்கள் ஒன்று தோற்றாலும் ஒன்று குறையும். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. அப்புறம் ஒன்றுக்கு மட்டும் கை தட்டி மற்றதற்கு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் என்ன நியாயம்?

இந்த வருஷத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. முந்தைய வருஷம், 2024-இல், நாங்கள் 95 ஆட்டம் ஜெயித்து நேஷனல் லீக் கிழக்குப் பிரிவை வென்றோம். மெட்ஸ் 89 வெற்றியோடு வைல்டு கார்டில், அதாவது பிரிவை வெல்லாத அணிகளுக்கான இடத்தில், நுழைந்து வந்தார்கள். அக்டோபர் 9, மெட்ஸின் மைதானமான சிட்டி ஃபீல்டு, பிளேஆஃபில் எங்கள் இரு அணிகளும் மோதிய தொடரின் நான்காவது ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸில் ஆறாவதில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள் முன்னால் இருந்தோம். மூன்று பேஸிலும் ஆள் நிற்க, மெட்ஸின் ஃப்ரான்சிஸ்கோ லிண்டோர் அடித்த கிராண்ட் ஸ்லாம், ஒரே அடியில் நான்கு ரன், எங்கள் வருஷத்தை முடித்தது. அன்றிரவு மச்சான் எனக்கு அனுப்பிய செய்தியில் வார்த்தையே இல்லை, லிண்டோர் பேஸ்களைச் சுற்றி ஓடும் வீடியோ மட்டும்தான். குளிர்காலம் முழுக்க அந்த வீடியோ என் போனில் கிடந்தது. டிசம்பரில் அவர்கள் நட்சத்திர மட்டையாளர் ஹுவான் சோட்டோவை 15 வருஷத்துக்கு 765 மில்லியன் டாலருக்கு எடுத்தபோது அதையே மறுபடியும் அனுப்பினார்.

சரி, ஜூன் 12-க்கு வருவோம். அன்றைக்கு மெட்ஸ் வாஷிங்டன் நேஷனல்ஸை 4-3 என்று ஜெயித்தார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் மெட்ஸின் பீட் அலோன்சோ எறிந்த பந்து உயரமாகப் போக, முதல் பேஸில் எகிறிப் பிடித்த அவர்களுடைய பிட்ச்சர் (பந்து வீசுபவர்) கோடாய் செங்காவுக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டது. அதுவரை லீக்கிலேயே பிரமாதமாக வீசிக்கொண்டிருந்தவர்களில் அவர் ஒருவர். இதை நான் ரசிக்கவில்லை. யார் அடிபட்டாலும் ரசிக்க மாட்டேன், எங்கள் வீட்டில் அது சட்டம். ஒரு ஆள் காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் கிடப்பதைப் பார்த்துச் சிரிப்பவனோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்க எனக்குப் பிடிக்காது. பந்து நன்றாக வீசியும் அடி வாங்க வேண்டும், நன்றாக அடித்தும் பிடி கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

அடுத்த நாளே தொடர் தோல்வி ஆரம்பித்தது, வரிசையாக ஏழு. மச்சான் கவலைப்படவில்லை. “162 ஆட்டம் மாப்ள, இதெல்லாம் வரும் போகும்” என்றார். நியாயமான பேச்சுதான். நானும் அப்போது சந்தோஷப்படத் துணியவில்லை. ஜூலை கடைசியில் செயின்ட் லூயிஸிலிருந்து ரயன் ஹெல்ஸ்லியைக் கொண்டுவந்தார்கள். கடைசி இன்னிங்ஸ்களைப் பூட்டு போட்டுக் காப்பவர் என்று பெயர் எடுத்தவர். மெட்ஸ் சட்டையில் அவருடைய இ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன் சராசரி, 7.20. படுமோசம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மெட்ஸின் புல்பென்னை, அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசுபவர்களை, என்னைவிட நன்றாகத் தெரிந்த மெட்ஸ் ரசிகர்கள் குறைவு. யார் நேற்று வீசினார், யார் இரண்டு நாளாகத் தொடர்ந்து வீசுகிறார், இன்றைக்கு எட்டாவது இன்னிங்ஸுக்கு யாரைக் கூப்பிட முடியாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மச்சான் மனம் வெறுத்து டி.வி.யை அணைத்த இரவுகளில் அந்த ஆட்டங்களைக் கடைசி அவுட் வரை பார்த்தவன் நான்தான். ஒரு அணியை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்க அதன்மேல் அன்பாவது இருக்க வேண்டும், பகையாவது இருக்க வேண்டும். சும்மா இருப்பவனால் முடியாது.

ஆகஸ்ட் கடைசியில் எனக்கு வயிறு கலங்கியது. சிட்டி ஃபீல்டில் மெட்ஸோடு மூன்று ஆட்டம், மூன்றிலும் எங்களுக்கு அடி. ஏழு ஆட்டமாக இருந்த எங்கள் முன்னிலை நான்கானது. எதிர்வீட்டுப் பெரியவர் அந்த வாரம் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே “அறுபத்து நாலு” என்று மட்டும் சொன்னார். அவருக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. 1964-இல் ஃபில்லீஸ் 12 ஆட்டங்கள் மிச்சமிருக்க ஆறரை ஆட்டம் முன்னால் நின்றது. இறுதிப் போட்டியான உலகத் தொடருக்கு டிக்கெட்கூட அச்சடித்துவிட்டார்கள். அப்போது சின்சினாட்டியின் சிக்கோ ரூயிஸ் என்ற ஆள் ஹோம் பிளேட்டைத் திருடினார், அதாவது யாரும் பந்தை அடிக்காமலேயே மூன்றாவது பேஸிலிருந்து ஓடி வந்து ரன் எடுத்தார். அந்த ஆட்டம் 1-0 என்று கைவிட்டுப் போனது. அங்கிருந்து வரிசையாகப் பத்து தோல்வி. மேலாளர் ஜீன் மாக், ஜிம் பன்னிங்கையும் கிறிஸ் ஷார்ட்டையும் போதுமான ஓய்வு கொடுக்காமல் மாற்றி மாற்றி இறக்கிப் பார்த்தார், பலிக்கவில்லை. பட்டம் செயின்ட் லூயிஸுக்குப் போனது. இந்த ஊரில் அந்த வயசுக்காரர்கள் யாரும் கணக்குப்படி உறுதியாகாமல் சிரிக்க மாட்டார்கள். அவரிடம் நான் அந்த வாரம் மெட்ஸைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

செப்டம்பர் 8 முதல் 11 வரை மெட்ஸ் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தார்கள். நான்கு ஆட்டம். முதல் ஆட்டம் 1-0, எங்களுக்கு. அடுத்த இரண்டும் எங்களுக்கு. நான்காவது ஆட்டத்துக்கு நான் மைதானத்தில் இருந்தேன். எங்கள் பிட்ச்சர் ஹேசூஸ் லுசார்டோ முதல் இன்னிங்ஸில் நான்கு ரன் கொடுத்தார். பக்கத்தில் ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டு ‘இன்றைக்கு இவர்களுக்கு விடிந்துவிட்டது’ என்கிற மாதிரி எதையோ முனகினார். அதற்கப்புறம் லுசார்டோ வீசியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வரிசையாக 22 பேர் அவுட். தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸுக்கு நடந்து போனவர்கூட யாரும் இல்லை. மூன்றாவது, நான்காவது இன்னிங்ஸில் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. ஆறாவதில் முணுமுணுப்பு. எட்டாவதில் லிண்டோரோ சோட்டோவோ யார் மட்டையோடு வந்தாலும் மொத்த மைதானமும் எழுந்து நின்றது. இடையில் எங்கள் ஆட்கள் ஒவ்வொரு ரன்னாகத் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 6-4. நான்கு ஆட்டமும் எங்களுக்கு, முன்னிலை பதினொன்று. நான்கு நாள் கழித்து லாஸ் ஏஞ்சலஸில் பட்டம் உறுதியானது.

அதற்குமேல் மெட்ஸ் தோற்பதால் எங்களுக்கு ஒரு ஆதாயமும் இல்லை. மேஜிக் நம்பர் முடிந்த கதை. ஆனாலும் தினமும் பார்த்தேன், முன்பைவிட அதிகமாகவே பார்த்தேன். அவர்களுக்கு வைல்டு கார்டின் மூன்றாவது இடம் இன்னும் கையில் இருந்தது. போன அக்டோபரை அனுபவித்தவன் இவர்களை மறுபடியும் அக்டோபரில் பார்க்க விரும்ப மாட்டான். அதுவும் உண்மை, ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய். சும்மா பார்க்கவே சுகமாக இருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் பின்தங்கி நுழைந்த ஒரு ஆட்டத்தைக்கூட அவர்கள் இந்த வருஷம் திருப்பவில்லை. அதனால் எட்டாவது இன்னிங்ஸ் முடிவில் மெட்ஸ் பின்னால் இருந்தால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

கடைசி நாள், செப்டம்பர் 28, ஞாயிறு. மெட்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும் ஆளுக்கு 83-78. சமமாக முடிந்தால் ரெட்ஸ் உள்ளே, ஏனென்றால் இருவரும் மோதிய ஆறு ஆட்டங்களில் நான்கு ரெட்ஸுக்கு. முன்பெல்லாம் சமமானால் கூடுதலாக ஒரு ஆட்டம் வைப்பார்கள். 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே மெட்ஸ் ஜெயிக்க வேண்டும், ரெட்ஸ் தோற்க வேண்டும். மெட்ஸ் ஆடியது மயாமியில், மார்லின்ஸுடன்.

மார்லின்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே மெட்ஸ் ரசிகர்களுக்கு என்ன ஆகும் என்று தெரிய வேண்டும் என்றால் 2007-க்குப் போக வேண்டும். 17 ஆட்டங்கள் மிச்சமிருக்க மெட்ஸ் ஏழு ஆட்டம் முன்னால். அதைக் கரைத்துக் கரைத்துக் கடைசி நாளில் எங்களோடு சமமாக வந்து நின்றார்கள். அன்றைக்கு மெட்ஸின் பழைய மைதானமான ஷே ஸ்டேடியத்தில், மார்லின்ஸுக்கு எதிராக, மெட்ஸின் டாம் கிளாவின், 300 வெற்றிகளைத் தாண்டிய மகா பிட்ச்சர், ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் ஏழு ரன் கொடுத்தார். அதில் ஒன்று, பேஸ் நிறைந்திருக்கும்போது எதிரணிப் பிட்ச்சர் டான்ட்ரெல் வில்லிஸ் மேலேயே பந்தை எறிந்து கொடுத்தது. நாங்கள் நேஷனல்ஸை 6-1 என்று ஜெயித்து, 1993-க்குப் பிறகு முதல்முறையாக பிளேஆஃபுக்குப் போனோம். நான் ஃபில்லீஸ் பக்கம் சாய்ந்தது அந்த மாதத்தில்தான். அடுத்த வருஷமும் கடைசி நாள், அதே மார்லின்ஸிடம் மெட்ஸுக்கு 4-2 தோல்வி. எட்டாவது இன்னிங்ஸில் அடுத்தடுத்து இரண்டு ஹோம் ரன். ஷே ஸ்டேடியத்தின் கடைசி ஆட்டமும் அதுதான். தோற்றுப்போன மைதானத்தில் ரசிகர்கள் உட்கார்ந்து பிரிவு விழா பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் மச்சானும் இருந்தார். அந்தத் தேதியும் செப்டம்பர் 28.

ஆக, 2025-இன் அந்தக் கடைசி ஞாயிறு எங்கள் ஆட்டத்தை போனில் வைத்துவிட்டு டி.வி.யில் மயாமியைப் போட்டேன். மனைவி அண்ணன் பக்கம், அதனால் நான் சத்தம் போடக்கூடாது என்பது ஒப்பந்தம். மார்லின்ஸ் 4-0 முன்னால். ஐந்தாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் மெட்ஸ் ஆட்கள், மட்டையோடு அலோன்சோ. அவர் அடித்த அடி நேர்க்கோடாக இடதுபுறம் பறந்தது. மட்டையிலிருந்து கிளம்பும்போது மணிக்கு 115 மைல் வேகத்துக்கு மேல். நான் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன். பந்து நேராக இடது ஃபீல்டரின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. பத்தடி தள்ளிப் போயிருந்தால் ஆட்டமே வேறு. இதைத்தான் சொன்னேன், நன்றாக அடித்தும் பிடி கொடுப்பது. மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் லிண்டோர் தரையோடு அடித்த பந்து டபிள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) ஆக, எல்லாம் முடிந்தது. மில்வாக்கியில் ரெட்ஸும் 4-2 என்று தோற்றிருந்தார்கள். மெட்ஸ் அந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்திருந்தால் உள்ளே போயிருப்பார்கள்.

சோட்டோ 43 ஹோம் ரன் அடித்தார், அவர் மேல் பழி போடுபவர்களுக்கு ஆட்டம் தெரியாது என்பேன். ஜூனுக்குப் பிறகு பந்து வீச ஆளில்லை, அவ்வளவுதான். மச்சானுக்கும் அதையேதான் போனில் சொன்னேன். லிண்டோர் வீடியோவை அவருக்குத் திருப்பி அனுப்பவில்லை. லுசார்டோவின் 22 அவுட்டையும் ஒன்றாகச் சேர்த்த வீடியோ கிடைத்தது, அதை அனுப்பினேன். பார்த்துவிட்டு, “முழுசா பார்த்தேன் மாப்ள, அந்த ஆளு நல்லாத்தான் போடுறான்” என்றார்.

மெட்ஸுக்குக் கிடைக்காத இடத்தில் போன ரெட்ஸை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் இரண்டே ஆட்டத்தில் அனுப்பிவிட்டார்கள். அக்டோபர் 4, சனிக்கிழமை அதே டாட்ஜர்ஸ் ஃபிலடெல்ஃபியாவுக்கு வருவதாக இருந்தது. அந்தப் பக்கம் ஓட்டானி வீசுவதாக இருந்தது, எங்களுக்குக் கிறிஸ்டோஃபர் சான்செஸ். எங்கள் முதன்மைப் பிட்ச்சர் ஸாக் வீலர் ரத்தக்கட்டு பிரச்சனையால் இல்லாதது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. மச்சான் எங்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். டாட்ஜர்ஸ் தொப்பி ஏற்கனவே வாங்கிவிட்டிருந்தாராம்.