காடோடிகளின் மொழியும் மூலமும்: மானிடவியல் தேர்வுக்கு இதை எப்படிப் படிக்கலாம்?

யூபிஎஸ்சி மெயின்ஸில் மானிடவியலை விருப்பப் பாடமாக எடுக்கிறவர்கள் காடோடிகளை, அதாவது வேட்டையாடி, உணவு சேகரித்து வாழும் சமூகங்களை, ஓர் அட்டவணையில் அடக்கிவிடப் பார்க்கிறார்கள். பெயர், நாடு, மொழிக்குடும்பம் என மூன்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்தால் ஒரு வாரம்கூட நிற்காது. ஆனால் இந்தப் பகுதி பல இடங்களில் கைகொடுக்கும். முதல் தாளில் பொருளாதார அமைப்பிலும் மொழியிலும் தேவைப்படும். இரண்டாம் தாளில் இந்திய மக்களின் இன, மொழிக் கூறுகளை எழுதும்போதும் தேவைப்படும்.

நான் படித்தபோது எனக்குப் பிடி கிடைத்தது ஒரே கேள்வியில்தான்: இந்த மக்கள் பேசும் மொழி யாருடையது? அதிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் கேட்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். பேசும் மொழி, உடம்பில் ஓடும் மரபு, பிழைக்கும் வழி மூன்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் விடைக்கும், பிரித்துப் பார்க்கும் விடைக்கும் உள்ள தூரம் திருத்துகிறவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு மத்திய ஆப்பிரிக்க மழைக்காட்டை ஆழமாகப் படியுங்கள், மற்ற இடங்கள் தானாகப் புரியும். முதலில் ஒரு வரைபடம் போடுங்கள். மேற்கே தென்கிழக்கு கேமரூனில் பாக்கா மக்கள். அவர்களுக்குக் கிழக்கே, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தென்பகுதியிலும் காங்கோ குடியரசின் வடபகுதியிலும் அக்கா மக்கள். இன்னும் வெகுதூரம் கிழக்கே போனால், காங்கோ ஜனநாயகக் குடியரசின் இத்தூரிக் காட்டில் ம்புத்தி, எஃபே மக்கள். இப்போது ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் மொழியை எழுதுங்கள். அக்கா பேசுவது, ஆப்பிரிக்காவில் பரவலாகப் பேசப்படும் பாண்டு கூட்டத்தைச் சேர்ந்த மொழி. பாக்கா பேசுவது உபாங்கி என்ற வேறொரு கூட்டத்தைச் சேர்ந்த மொழி. எஃபே மக்களின் மொழி, பக்கத்தில் பயிர் செய்யும் லேசே மக்களின் மத்திய சூடானிய மொழிக்கு மிக நெருக்கமானது. ம்புத்தி மக்கள் பேசுவது பிலா விவசாயிகளின் பாண்டு மொழி.

இவர்களுக்கென்று தனி மொழிக்குடும்பம் எதுவும் இன்று இல்லை. எல்லாமே இன்றைய அயலாருடையது அல்லது பழைய அயலாருடையது. நைஜீரியா-கேமரூன் எல்லைப் பக்கமிருந்து சுமார் 4,000-5,000 ஆண்டுகளுக்கு முன் பாண்டு மொழி பேசுகிறவர்கள் பரவத் தொடங்கினார்கள். அவர்களோடு காட்டு மக்களுக்கு, இறைச்சியும் தேனும் கொடுத்து, இரும்பும் விளைபொருளும் வாங்கும் உறவு வளர்ந்தது. அந்த உறவோடு மொழியும் மாறியது.

அப்படியானால் பழைய மொழியின் தடம் எதுவும் மிஞ்சவில்லையா? இந்த இடத்தில் பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் பாஹுஷேயின் வேலையைக் கட்டாயம் படியுங்கள். அக்கா, பாக்கா இருவரும் பேசுவது வேறு வேறு கூட்டத்தைச் சேர்ந்த மொழிகள். இருந்தும் அவர்களின் சொற்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பொதுவாக இருப்பதை அவர் காட்டினார். அந்தச் சொற்களில் பெரும்பகுதி காட்டைச் சேர்ந்தவை: செடிகொடி, விலங்கு, தேனெடுப்பு, வேட்டைக் கருவி, காட்டு ஆவிகள். ஜெங்கி என்ற பெரிய காட்டு ஆவி இரு பக்கமும் உண்டு. இதை வைத்து, இருவருக்கும் ஒரே மூதாதைச் சமூகம் இருந்திருக்க வேண்டும் என்றார் அவர். இதற்கு எதிர்ப்பும் உண்டு. தனியான பழைய மொழி இருந்ததற்குச் சான்று போதாது என்று மொழியியலாளர் ரோஜர் பிளெஞ்ச் 1999-இல் வாதிட்டார். பாஹுஷேயையும் பிளெஞ்சையும் விடையில் எதிரெதிரே நிறுத்துங்கள்.

அடுத்து மரபணு. காட்டு மக்களின் மூதாதையரும் விவசாயிகளின் மூதாதையரும் சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்போ பிரிந்ததாக 2009-இல் வந்த ஆய்வுகள் கணித்தன. காட்டு மக்களில் பாக்கா, அக்கா போன்ற மேற்குக் குழுக்கள் தங்களுக்குள் பிரிந்து ஏறத்தாழ 3,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. இது பாஹுஷே சொன்னதற்குத் துணை நிற்கிறது என்பது என் கருத்து. மொழி அயலாருடையதாக மாறியிருந்தாலும் மக்கள் பழையவர்கள்.

சரி, எல்லாக் காடோடிகளும் ஆதிக் குடிகள் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். அதற்குத்தான் வடக்குத் தாய்லாந்தின் நான், பிரே மாகாணங்களில் உள்ள ம்லாப்ரி மக்களைப் படிக்கச் சொல்கிறேன். எண்ணிக்கையில் சில நூறு பேர்தான். மொழி ஆஸ்திரோ-ஆசிய குடும்பத்தின் க்முயிக் கிளை. விவசாயிகளான தின் மக்களின் மொழிக்கு உறவு. 2005-இல் வந்த மரபணு ஆய்வில் தாய்வழி மரபணுவில் வேறுபாடே தென்படவில்லை. சில நூறு ஆண்டுகளுக்கு முன், மிகச் சிலரிடமிருந்து தோன்றிய கூட்டம் என்றும், விவசாயத்தை விட்டுக் காட்டுக்குள் போனவர்களாக இருக்கலாம் என்றும் அந்த ஆய்வு சொன்னது. ஊரார் இரண்டு குழந்தைகளைத் தெப்பத்தில் ஏற்றி ஆற்றோடு விட்டுவிட்டார்கள், அவர்கள் வழிவந்தவர்களே இவர்கள் என்று தின் மக்களிடம் ஒரு கதையும் வழங்குகிறது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது. வேட்டையாடி வாழ்வதை மனித வளர்ச்சியின் முதல் படி என்று எழுதிப் பழகிய கை கொஞ்சம் நின்று யோசிக்கும்.

அப்புறம், விவசாயிகளின் துணையில்லாமல் மழைக்காட்டில் யாராவது வாழ்ந்திருக்க முடியுமா என்ற விவாதம். 1980-களின் கடைசியில் ஹெட்லண்ட், பெய்லி என்ற மானிடவியலாளர்கள் கிளப்பியது. காட்டில் மாவுச்சத்து போதாது என்பது அவர்கள் வாதம். பிறகு யசுவோகா என்ற ஜப்பானிய ஆய்வாளர், பாக்கா மக்கள் மாதக்கணக்கில் காட்டு வள்ளிக்கிழங்கை நம்பி வாழ்வதைக் கூடவே இருந்து பதிவு செய்தார். இரண்டையும் சேர்த்து எழுதினால் ஒரு நல்ல பத்தி வரும்.

இந்தியாவுக்கு வரும்போது அந்தமானை எதிர் உதாரணமாக வையுங்கள். ஓங்கேக்களும் ஜாரவாக்களும் பேசும் மொழிகள் அயலாரிடம் வாங்கியவை அல்ல. 1858-இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பு அமைக்கும்வரை பக்கத்தில் விவசாயிகளே இல்லை; மொழி மாற்றிக்கொள்ள அவசியமும் இல்லை. மாறாக, மேற்குத் தொடர்ச்சி மலையின் காடர், மலைப்பண்டாரம் மக்கள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கிய பேச்சைப் பேசுகிறார்கள். மலைப்பண்டாரங்கள் வெகுகாலமாகவே காட்டுப் பொருளைச் சமவெளிக்கு விற்று வந்தவர்கள் என்று மானிடவியலாளர் பிரையன் மோரிஸ் எழுதியிருக்கிறார். அக்காவையும் பாக்காவையும் படித்தவருக்கு இது உடனே பிடிபடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று: வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அதனால் கலைச்சொற்களின் தமிழ் வடிவத்தை முன்கூட்டியே முடிவு செய்து, எல்லாப் பயிற்சி விடைகளிலும் அதையே எழுதுங்கள். ஆட்களின் பெயரையும் ஒரே மாதிரி எழுதுங்கள். பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு மத்திய ஆப்பிரிக்க வரைபடத்தைச் சின்னதாகப் போட்டு, மக்களின் பெயரையும் மொழியையும் குறித்தால் அரைப் பக்க விளக்கம் மிச்சமாகும். அந்த இடத்தில் ம்லாப்ரியை எழுதிவிடலாம்.