அப்பாவோட தோல் பையும் நான் தடவுன தேங்காய் எண்ணெயும்

அப்பா 25 வருஷம் ஆபீஸுக்கு தூக்கிட்டு போன தோல் பை இப்ப என்கிட்ட இருக்கு. திண்டுக்கல்ல வாங்கினது, ஆவாரம்பட்டை போட்டு பதனிட்ட தோல்னு அப்பா சொல்வாரு. ரெண்டு வருஷம் முன்னாடி பரண்ல இருந்து எடுத்தப்ப காஞ்சு வறண்டு கிடந்துச்சு, மனசு கேக்கல, கைக்கு கிடைச்ச தேங்காய் எண்ணெய எடுத்து நல்லா ஊற வச்சு தடவிட்டேன். ரெண்டு நாள் பளபளன்னு இருந்துச்சு, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

மார்கழி வந்ததும் மடிப்புல எல்லாம் வெள்ளையா பூத்திருச்சு. பூஞ்சைன்னு பயந்து துடைச்சேன், ஒரு வாரத்துல மறுபடி வந்துருச்சு. அப்புறம்தான் ஒரு சின்ன சோதனை தெரிஞ்சுது, வெள்ளையா இருக்கிற இடத்துல ஹேர் டிரையர் காத்து லேசா காட்டணும், உருகி மறைஞ்சா அது கொழுப்பு, மறையலன்னா பூஞ்சை. என் பையில உருகிருச்சு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனாலே உறையுற எண்ணெய், உள்ள போனது குளிர்ல வெளிய வந்து நின்னுருக்கு. ஆனா எண்ணெய் தடவின இடமெல்லாம் கறுத்துப்போச்சு, அது இனி பழைய நிறத்துக்கு வராது.

சமையல் எண்ணெய் எதுவுமே வேண்டாங்க. நல்லெண்ணெய், ஆலிவ் எல்லாம் நாளாக ஆக காத்து பட்டு சிக்கடிக்கும், பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். ஆளி விதை எண்ணெய் இன்னும் மோசம், அது காஞ்சு இறுகி படலமாவே ஆயிரும், பெயிண்ட்ல போடுற எண்ணெய் அது. விளக்கெண்ணெய் அப்படி காயாது, கமலை (மாடு பூட்டி தோல் பையால கிணத்துத் தண்ணி எடுக்கிறது) இறைச்ச காலத்துல தோலுக்கு அதைத்தான் போடுவோம்னு தாத்தா சொல்லிருக்காரு, ஆனா தினமும் தண்ணில ஊறுற தோலோட தேவை வேற, அலமாரில இருக்கிற பையோட தேவை வேற.

கடையில நீட்ஸ்ஃபுட் ஆயில்னு ஒண்ணு வரும், மாட்டுக் கால் எலும்புல இருந்து எடுக்கிறது. குதிரை சேணத்துக்கு பேர் போனது, உள்ள நல்லா இறங்கும், ஆனா நிறத்தை கறுப்பாக்கும், கலப்படமும் நிறைய. நான் இப்ப வச்சிருக்கிறது லானோலினும் தேன்மெழுகும் கலந்த க்ரீம். லானோலின் ஆட்டு ரோமத்துல இருக்கிற மெழுகு மாதிரியான கொழுப்பு. பட்டாணி அளவு எடுத்து பழைய பனியன் துணியில வச்சு, முதல்ல பையோட அடிப்பக்கம் ஒரு ஓரத்துல தடவி ஒரு நாள் விட்டுப் பாத்துட்டுதான் மத்த இடத்துக்கு போவேன். வருஷத்துக்கு ஒரு தடவ, அதுவும் வறண்டு தெரிஞ்சாத்தான்.

இன்னொன்னு, எல்லா தோலுக்கும் இது ஆகாது. ஒரு சொட்டு தண்ணி வச்சுப் பாருங்க, உறிஞ்சி கறுத்தா க்ரீம் உள்ள போகும். உருண்டு நின்னா மேல கோட்டிங் இருக்கு, ஈரத்துணியால துடைச்சாலே போதும், நீங்க தடவுற எண்ணெய் மேலயேதான் நிக்கும். ஸ்வேட்ல, அதாவது மேல பூ மாதிரி மெத்துன்னு ரோவா இருக்கிற தோல்ல, எண்ணெயே கூடாது.

எண்ணெய் நிறைய போட்டா தோல் ரொம்ப நாள் உழைக்கும்ங்கிற நம்பிக்கை பெரிய இடங்கள்லயும் இருந்துருக்கு. பழைய தோல் பைண்டிங் புத்தகங்களுக்கு லானோலின், தேன்மெழுகு, செடார் மர எண்ணெய் கலந்து பிரிட்டிஷ் மியூசியம் பேர்லயே ஒரு கலவை இருந்துச்சு, நூலகங்கள்ல அதைத்தான் பூசிட்டு இருந்தாங்க. பின்னாடி அது பிசுபிசுக்குது, பூக்குது, கறுக்குதுன்னு தெரிஞ்சு பழைய புத்தகங்களைப் பாதுகாக்கிற நிபுணர்கள் பெரும்பாலும் கைவிட்டுட்டாங்க. என் பை கூட எண்ணெய் இல்லாததால மட்டும் கெடல, பரண் சூடும், சுத்தி வச்ச பிளாஸ்டிக் கவரும்தான் பாதி காரணம்.

இப்ப பருத்தித் துணிப் பையில போட்டு, உள்ள பழைய பேப்பர் அடைச்சு, காத்து வர்ற அலமாரில வச்சிருக்கேன். தோள் வார்ல விழுந்த வெடிப்புக்கு எந்த க்ரீமும் உதவாது, நார் அறுந்துருச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட குடுத்தேன், "வாரை மட்டும் மாத்திடலாம் தம்பி, பக்கிள் பழசே இருக்கட்டும், பித்தளை"ன்னாரு. வெள்ளிக்கிழமை தர்றேன்னு சொல்லிருக்காரு.