பழுதான பிரிட்ஜை எங்கே கொடுப்பது? ஜேர்மனியில் பழைய மின்சாதனங்களைக் கழிக்கும் வழி

ஜேர்மனிக்கு வந்து முதல் வீடு எடுக்கும்போது குசினிச் சாமான்கள் பெரும்பாலும் கைமாறித்தான் வரும். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன பிரிட்ஜ், தெரிந்தவர் தந்த வோஷிங்மெசின். அவை பழுதாகும்போது பலர் செய்யும் முதல் பிழை, குப்பை வாளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது. அதற்குத் தண்டம் உண்டு. தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 'எடுத்துக்கொள்ளலாம்' என்று கடதாசி ஒட்டி நடைபாதையில் வைத்தாலும் அது சட்டப்படி ஆகிவிடாது. இலவசமாகவே ஒப்படைக்க வழி இருக்கும் நாட்டில் இந்த வில்லங்கம் தேவையே இல்லை.

புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் பழையதைக் கடையிடமே கொடுங்கள். மின்சாதனங்களுக்கு 400 சதுர மீற்றருக்குக் குறையாத விற்பனைப் பரப்பு உள்ள கடைகள், நீங்கள் வாங்கும் அதே வகைப் பழைய சாதனத்தை இலவசமாக எடுத்தாக வேண்டும். பெரிய இணையக் கடைகளுக்கும் இதே கடமை உண்டு. பிரிட்ஜ், வோஷிங்மெசின், தொலைக்காட்சி போன்றவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும்போது பழையதை இலவசமாக ஏற்றிச் செல்வதும் அதில் அடங்கும். ஓடர் போடும்போதே பழையது இருக்கிறது என்று பதிந்துவிடுங்கள். வந்து நிற்கிற வாகனச் சாரதியிடம் கேட்டால், தன் பட்டியலில் இல்லை என்று போய்விடுவார். டெலிவரி வீதியோரம் வரைதானா, வீட்டுக்குள்ளேயா என்பதையும் பாருங்கள். வீதியோரம் என்றால் நாலாம் மாடியிலிருந்து இறக்குவது உங்கள் பாடு.

புதிது வாங்கவில்லையா? நகரசபையின் வெர்ட்ஸ்ரொவ்ஹோவ், அதாவது மறுசுழற்சிப் பொருட்களைச் சேர்க்கும் நிலையம், இருக்கிறது. வீட்டுப் பாவனைச் சாதனங்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. முகவரிப் பதிவுக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள், வாசலில் கேட்கக்கூடும். ஸ்பெர்முல், அதாவது பழைய தளபாடம் போன்ற பெரிய கழிவுகளை, வீட்டு வாசலில் எடுக்கும் நாளில் மின்சாதனமும் எடுப்பார்களா என்பது ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். கேட்காமல் சோபாவோடு சேர்த்து வைத்தால், சோபா போய் பிரிட்ஜ் நிற்கும்.

பிரிட்ஜில்தான் மிகக் கவனம் வேண்டும். 1990களின் நடுப்பகுதிக்கு முந்திய பெட்டிகளில் R12 என்ற குளிரூட்டும் வாயு இருக்கலாம். அது கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்கு வெப்பம் பிடிக்கும், ஓசோன் படலத்தையும் அரிக்கும். சுவருக்குள் இருக்கும் நுரையிலும் அதே குடும்பத்து வாயு அடைபட்டிருக்கும். புதிய பெட்டிகளில் பெரும்பாலும் R600a, அதாவது ஐசோபியூட்டேன். அளவு சில பத்துக் கிராம்தான், ஆனால் தீப்பற்றும். எது என்பது உள்ளே ஒட்டியிருக்கும் சிட்டையில் எழுதியிருக்கும். மறுசுழற்சி ஆலையில் முதலில் வாயுவையும் கொம்பிரசர் எண்ணெயையும் உறிஞ்சி எடுத்து, பிறகு முழுப் பெட்டியையும் மூடிய இயந்திரத்துக்குள் அரைத்து நுரையின் வாயுவைப் பிடிக்கிறார்கள். செம்புக்காகக் கொம்பிரசரை வெட்டி எடுத்துவிட்டால் இத்தனை வேலையும் வீண். ஆகவே பின்பக்க மெல்லிய குழாயை வளைக்காதீர்கள், வயரை வெட்டாதீர்கள். 24 மணி நேரம் முன்பே பிளக்கைக் கழற்றிப் பனியை உருகவிட்டு, அடியில் துவாய் போடுங்கள். கதவை ரேப் போட்டு ஒட்டி, நிமிர்த்தியே தூக்குங்கள்.

வோஷிங்மெசினில் பிரச்சினை தண்ணீர். தண்ணீர்க் குழாயைப் பூட்டி, முன்பக்க அடியிலுள்ள சிறு மூடியைத் திறந்து, தட்டையான பாத்திரம் வைத்து வடிகட்டியை மெதுவாகத் திருகுங்கள். தேங்கிய தண்ணீர் வெளியே வரும். இதைச் செய்யாமல் சரித்தால் படிக்கட்டு முழுக்க வழுக்கும். உள்ளே கொங்கிறீட் பாரம் இருப்பதால் மொத்தம் 60 முதல் 80 கிலோ வரை வரும். தனியாள் தூக்க வேண்டாம்.

சின்னச் சாமான்களுக்கு வழி இன்னும் இலகு. எந்தப் பக்கமும் 25 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கேத்தல், தொலைபேசி, ஷேவர் போன்றவற்றை, எதுவும் வாங்காமலே மேற்சொன்ன கடைகளில் கொடுக்கலாம். ஒரு வகைக்கு மூன்று வரை. 2022 ஜூலை முதல், 800 சதுர மீற்றருக்குக் குறையாத பரப்பில் அவ்வப்போதாவது மின்சாதனம் விற்கும் உணவுக் கடைகளும் இவற்றைத் திரும்ப எடுத்தாக வேண்டும். பிள்ளைகளின் மின்னும் சப்பாத்துக்கூட 2018 முதல் மின்கழிவுதான். LED பல்ப்பும் அப்படியே. பழைய இழைப் பல்ப் மட்டும் சாதாரணக் குப்பைக்குள் போகும்.

கழற்றக்கூடிய பற்றரியைக் கழற்றித் தனியே கொடுங்கள். லிதியம் பற்றரி என்றால் முனைகளில் ரேப் ஒட்டுங்கள். நசுங்கினாலோ முனைகள் உலோகத்தில் முட்டினாலோ தீப்பிடிக்கும், குப்பை லொறிகள் எரிவதற்கு இதுவும் ஒரு காரணம். தொலைபேசியிலும் கணினியிலும் உள்ள தரவை அழிப்பது உங்கள் பொறுப்பு. சிம், மெமரி கார்ட் இரண்டையும் எடுக்க மறக்காதீர்கள்.

வான் வண்டியில் வந்து பழைய இரும்பு கேட்பவர்களுக்கு மின்சாதனம் சேகரிக்க அனுமதி இல்லை, கொடுக்காதீர்கள். வேலை செய்யும் பொருளானால் பேர்லினில் நொஹ்மால், ஹாம்பர்க்கில் ஸ்ரில்புறூக், மியூனிக்கில் ஹாலே 2 போன்ற நகரசபைப் பழைய பொருட்கடைகள் இருக்கின்றன. எடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். ஊருக்கு அனுப்பும் கொண்டெயினரில் இடம் மிச்சம் என்று பழுதான பிரிட்ஜை ஏற்ற நினைக்காதீர்கள். வேலை செய்யாத சாதனம் சட்டத்தின் கண்ணில் கழிவு. இலங்கைக்கோ இந்தியாவுக்கோ அதை அனுப்ப ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தாலும், அதன் வாயுவை முறையாக உறிஞ்சி எடுக்க ஆள் தேடி அலையப்போவது உங்கள் சொந்தக்காரர்தான்.