ஆத்தங்குடிக் கல்லை அளந்தபோது

கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டு முகப்பின் தரையில் உடைந்த ஆத்தங்குடிக் கற்களை (கையால் செய்யும் சிமென்ட் தரை ஓடுகள்) மாற்றும் வேலை. பழைய கலவையை எவ்வளவு ஆழம் கொத்துவது என்று கொத்தனார் கேட்டார். கல் மெல்லிசாக இருந்தால் கலவை போட்டு ஏற்றிக்கொள்ளலாம், தடித்த கல்லுக்கு இடம் வேண்டுமே. காரைக்குடியில் புள்ளியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த நான் இதையே ப்ராஜெக்டாக எடுத்துக்கொண்டேன்.

ஆத்தங்குடியில் மூன்று பட்டறைகள், பட்டறைக்கு 40 கல் என்று கனத்தை அளந்தேன். 120 அளவுகளையும் ஒன்றாகப் போட்டதில் சராசரிக்கு 95 சதவீத இடைவெளி, அதாவது உண்மைச் சராசரி இருக்கக்கூடிய எல்லை, ±0.1 மி.மீ. என்று வந்தது. அதில் ஒரு பட்டறையின் அண்ணனிடம் காட்டினேன். "கண்ணாடி மேல சட்டத்த வச்சுக் கையாலதான் கலவை போடுறோம் தம்பி. ஒரு கல்லு மாதிரி இன்னொண்ணு வராது. இவ்வளவு நெருக்கமாவா இருக்கு?" என்றார்.

நான் சொன்னது சராசரி. அவர் கேட்டது அடுத்துக் கைக்கு வரும் கல். நான்கு மடங்கு கற்களை அளந்தால் சராசரியைப் பற்றிய ஐயம் பாதியாகும், ஆனால் கல்லுக்குக் கல் உள்ள வேறுபாடு அப்படியே நிற்கும். முன்னது நமக்குத் தெரியாததால் வருவது, பின்னது கைவேலையிலேயே இருப்பது. வகுப்பில் இவற்றை முறையே எபிஸ்டமிக், அலியட்டோரிக் என்று எழுதியிருந்தேன். பட்டறை வாசலில்தான் புரிந்தது.

அப்புறம் ஒரே கல்லை, ஒரே இடத்தில், வெர்னியரால் திரும்பத் திரும்ப அளந்தேன். திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 0.3 மி.மீ. ஒரு பட்டறைக்குள் மொத்தமாகக் கண்டது 0.5. வர்க்கங்களில்தான் கழிக்க வேண்டும்: 0.25-இல் 0.09 போக 0.16, அதன் வர்க்கமூலம் 0.4. கல்லின் சொந்த வேறுபாடு அவ்வளவுதான், மீதி என் அளவைப் பிழை.

இரண்டு வாரத்தைத் தின்றது பட்டறைக்குப் பட்டறை உள்ள வேறுபாடு. 120 கல் இருந்தாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த தரவு மூன்றே மூன்றுதான். கல், பட்டறை என இரு அடுக்காகக் கணக்கிடும் படிநிலை மாதிரியை, எந்த மதிப்பும் சமமாகச் சாத்தியம் என்னும் தட்டையான முன்பரவலோடு (தரவைப் பார்க்கும் முன் வைக்கும் அனுமானம்) ஸ்டான் என்ற மென்பொருளில் ஓட்டினால், விடைப் பரவலின் வலது வால், அதாவது பெரிய மதிப்புகளின் பக்கம், நீண்டுகொண்டே போனது. பட்டறைகளுக்கு இடையே 5 மி.மீ. திட்ட விலக்கம்கூட இருக்கலாம் என்றது! அதை நம்ப முடியாது என்று எனக்குத் தெரியும், மாதிரிக்குத் தெரியாது. மறுபடி அண்ணனிடமே போனேன். "எல்லார் சட்டமும் ஏறக்குறைய ஒண்ணுதான். ரெண்டு மில்லிக்கு மேல மாறாது" என்றார். அந்தச் சொல்லையே முன்பரவலாக்கினேன்: அளவு 1 மி.மீ. கொண்ட அரை இயல்நிலைப் பரவல், அதாவது பூஜ்யத்தில் தொடங்கிச் சரிந்துகொண்டே போகும் மணி வளைவின் வலது பாதி. அதில் 95 சதவீதம் 2 மி.மீ.க்குள் அடங்கிவிடும். வால் சுருங்கியது. ஒரு கைவினைஞரின் அனுபவம் சமன்பாட்டுக்குள் முறையாக உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்தது.

அளந்த பட்டறையின் புதுக் கல்லுக்கு, அந்தப் பட்டறைச் சராசரியிலிருந்து ±0.8 மி.மீ. வந்தது. அளக்காத நான்காவது பட்டறைக்கு இடைவெளி அதைவிட நன்றாக அகன்றது. அந்த மூன்றிலேயே இன்னும் ஆயிரம் கல் அளந்தாலும் அது அவ்வளவாகக் குறையாது. அதனால் எல்லாக் கல்லையும் அண்ணனின் பட்டறையிலேயே வாங்கச் சொன்னேன். அந்தச் சராசரியோடு 0.8-ஐக் கூட்டி, கலவைக்கும் இடம் சேர்த்துக் கொத்தனாரிடம் கொடுத்தேன். அவர் அளவைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டு கொத்த ஆரம்பித்தார்.