கும்பக்கரைக்குக் கொல்லைப்புறமாக

பெரியகுளத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால், வடக்கே சுவர் எழுப்பியது மாதிரி மலை. ராத்திரியானால் அதன் உச்சியில் கொடைக்கானல் விளக்குகள் தெரியும். சின்ன வயதில் அதில் எது விளக்கு, எது நட்சத்திரம் என்று தம்பிக்கும் எனக்கும் பந்தயம் நடக்கும். அந்த மலையைப் பார்த்துக்கொண்டே அறுபது வருடத்தை ஓட்டிவிட்டேன். மேலே போனதே இல்லையா என்றால், நான்கு தடவை போயிருக்கிறேன். நான்கும் வேன் பிடித்து, புளியோதரை கட்டிக்கொண்டு, வளைவுக்கு வளைவு யாராவது வாந்தி எடுக்க, இருட்டுவதற்குள் வீடு திரும்பிய பயணங்கள்.

போன தையில் எனக்கு அறுபது நிறைந்தது. நான் பிறந்தது விசுவாவசு வருடம். அறுபது வருடச் சுற்று முடிந்து மறுபடியும் விசுவாவசு. ஆம்பளைகளுக்கு இந்த வயது வந்தால் திருக்கடையூர் போய், கலசம் வைத்து, பிள்ளைகள் முன்னால் இன்னொரு தடவை தாலி கட்டி அமர்க்களப்படுத்துவோம். என் வீட்டுக்காரருக்கும் நான்கு வருடம் முன்பு செய்தோம். என் கழுத்திலும் மாலை விழுந்தது, ஆனால் வயது அவருடையது. "எனக்கும் அறுபது வருதே" என்று மெதுவாக ஆரம்பித்தபோது அவர் சொன்னார்: "அதான் அப்பவே உனக்கும் சேர்த்துப் பண்ணியாச்சே!"

ஜனவரி 31-ஆம் தேதி தபால் அலுவலகக் கவுண்டரிலிருந்து ஓய்வு. சால்வை, வெள்ளி விளக்கு, கேசரி. சென்னையிலிருந்து மகள் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள், இந்த வருடம் அம்மா புதிதாகச் செய்ய வேண்டியவை என்று. நீச்சல், கார் ஓட்டுவது, பாராகிளைடிங் எல்லாம் இருந்தன. அதை பிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்தேன், அங்கேயே இருக்கட்டும். எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். மேலே பஸ்ஸில் தனியாகப் போய், கீழே வீட்டுக்கு நடந்து வர வேண்டும்.

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக, எங்கள் ஊர்ப் பக்கத்து அருவியான கும்பக்கரைக்கு இறங்கும் பாதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாதைதான். நடந்தவர்கள்தான் குறைவு. இப்போது நினைத்த மாதிரி காட்டுக்குள் நுழைய முடியாது. முன்கூட்டியே பதிவு செய்து, அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு போக வேண்டும். வெயில் ஏறினால் காட்டுத்தீ பயத்தில் மலையேற்றத்தையே நிறுத்திவிடுவார்கள். அதனால் பிப்ரவரி முதல் வாரத்துக்கே பதிந்தேன். வயது என்ற கட்டத்தில் 60 என்று அடித்துவிட்டு, அழித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தது உண்மை.

அரசுப் பேருந்தில் போனதால் இ-பாஸ் தொல்லை இல்லை. 2024 மே மாதத்திலிருந்து கார், வேன் என்று மற்ற வண்டிகளில் மேலே போகிறவர்கள் முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதி அது. காட்ரோடு தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் ஜன்னலோரத்தில் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டேன். பாலிதீன் பையோடு யாருடைய தலையையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டம்டம் பாறையில் எலிவால் அருவி எதிர்மலையில் வெள்ளை நூலாகத் தெரிந்தது. ஏறத்தாழ 300 மீட்டர் விழுகிற அருவி, இங்கிருந்து பார்த்தால் பேரே சரிதான் என்று தோன்றும்.

லாட்ஜில் பையன் என் ஆதாரைப் பார்த்தான், அப்புறம் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். "கூட யாரும் வரலையாம்மா?" இல்லை என்றதும் அவனுக்கே ஏதோ கஷ்டமாகிவிட்டது, ஒரு கம்பளி கூடவே கொடுத்தான். ராத்திரி சாப்பிட ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தேன். சர்வர் வந்து என்ன வேணும் என்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஹோட்டலில், "உங்களுக்கு என்ன? அவனுக்கு என்ன?" என்று மற்றவர்களைக் கேட்டு முடித்த பிறகு மிச்சத்தைச் சமாளிப்பதுதான் என் வழக்கம். கடைசியில் ஒரு ஊத்தப்பம் சொன்னேன். ஆறுவதற்குள் முழுசாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஏரிக்கரையில் வாடகை சைக்கிள். மதுரைக் கலெக்டராக இருந்த வீர் லெவிஞ்ச் 1863-இல் உண்டாக்கிய ஏரி அது, சுற்றி வந்தால் 5 கிலோமீட்டர். நான் ஐம்பது அடியில் புல்வெளியில் சாய்ந்தேன். தாவணி போட்ட அன்றைக்கு நின்றுபோன சைக்கிள், நாற்பத்தைந்து வருடம் கழித்து எங்கிருந்து வரும்? பத்து வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து நிறுத்தி, "பாட்டி, சக்கரத்தைப் பார்க்காதீங்க, தூரமாப் பாருங்க" என்றான். பார்த்தேன். கால் சுற்று வந்தது. போதும்.

மத்தியானம் குறிஞ்சி ஆண்டவர் கோயில். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும். குறிஞ்சி பூத்த கணக்கில் வயது சொல்லும் வழக்கம் இந்த மலையின் பளியர் பழங்குடிகளிடம் இருந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் எனக்கு வயது ஐந்து. 1970, 1982, 1994, 2006, 2018. ஐந்து தடவை என் வீட்டு மாடிக்கு எதிரில் இருக்கிற மலையில் பூத்திருக்கிறது, ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. 1994-இல் கைக்குழந்தை. 2018-இல் மாமியார் படுக்கையில். 2006-இல் நீலக்குறிஞ்சிக்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள், அதைக் கவுண்டரில் கிழித்துக் கிழித்து விற்றதோடு சரி. அடுத்தது 2030. கோயிலின் பின்பக்கம் நின்றால் தெளிவான நாளில் பழனி மலை தெரியும். அன்றைக்குப் பனிமூட்டம்தான் தெரிந்தது.

சூரிய ஆய்வகத்துக்கும் எட்டிப் பார்த்தேன். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் எவர்ஷெட் கண்டுபிடித்த இடம். நூறு வருடத்துக்கு மேலாக இங்கே சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மேகம் மறைக்காமல் இருந்திருந்தால் நான் பிறந்த அன்றைய சூரியனும் அந்தக் குவியலில் எங்கோ இருக்கும். எனக்கோ கைக்குழந்தை போட்டோ ஒன்றுகூட இல்லை.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு வட்டக்கானல். என்னோடு சென்னையிலிருந்து வந்த ஐந்து பிள்ளைகள், கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். "ஆன்ட்டி, நீங்களும் வர்றீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். வழிகாட்டித் தம்பி வெள்ளகவிக்காரர். என் கையில் ஒரு கம்பைக் கொடுத்துச் சொன்ன முதல் வார்த்தை: "தூரமாப் பார்க்காதீங்கம்மா. அடுத்த அடி எங்க வைக்கிறீங்களோ அதை மட்டும் பாருங்க." நேற்றைய பையன் சொன்னதை அப்படியே கவிழ்த்துப் போட்டார்.

டால்பின் நோஸ் பாறை வரைக்கும் சுற்றுலா. மேகி கடை, செல்ஃபி, கூச்சல். அதைத் தாண்டியதும் வாயை மூடிக்கொள்ள வைக்கிற இறக்கம். மரவேர்கள் படிக்கட்டு மாதிரி குறுக்கே கிடக்கின்றன, பனி இறங்கி அவற்றின் மேல் எண்ணெய் தடவியது போல ஒரு வழவழப்பு. ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்கு முட்டி வேண்டும் என்பது முதல் அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. நேராக இறங்கினால் கால்விரல் நகமெல்லாம் ஷூவின் முனையில் போய் முட்டும். பக்கவாட்டில், நண்டு மாதிரி, ஒரு கால் வைத்து அதன் பக்கத்தில் இன்னொரு கால் வைத்து இறங்கினேன். பிள்ளைகள் முதலில் ஓடினார்கள், அப்புறம் அவர்களும் நண்டானார்கள்.

அழகாக இருக்கிறது, எவ்வளவு அமைதி என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். வழிகாட்டித் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பொதுவாகச் சொன்னார், "எங்க அக்காவுக்குப் பிரசவ வலி வந்தப்ப இந்த வழியாத்தான் டோலி கட்டித் தூக்கிட்டுப் போனோம். ராத்திரி." அதற்கப்புறம் நான் அமைதியைப் பற்றிப் பேசவில்லை. எனக்குப் பிறந்தநாள் ஆசை, அவருக்கு மளிகை வாங்கப் போகிற வழி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொடைக்கானலைவிட மூத்த ஊர் வெள்ளகவி. 1821-இல் வார்டு என்ற லெப்டினன்ட் வெள்ளகவியில் தங்கித்தான் மேலே ஏறி நில அளவை செய்தார். 1845-இல்தான் மதுரை வெயில் தாங்காத அமெரிக்க மிஷனரிகள் மேலே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். பின்னால் வந்த ஊருக்கு ரோடு, ஏரி, போட். முன்னால் இருந்த ஊருக்குக் குதிரைப் பாதை. இப்போதும் காப்பி, எலுமிச்சை, மிளகு எல்லாம் குதிரை முதுகில்தான் கீழே இறங்குகின்றன.

ஊர் தெரிய ஆரம்பித்தபோதுதான் என் வலது ஷூ வாயைத் திறந்தது. மகள் கல்லூரியில் போட்ட ஷூ. பரணில் எட்டு வருடமாக இருந்ததை, புதுசு மாதிரித்தானே இருக்கிறது, எதற்குத் தண்டச் செலவு என்று எடுத்து வந்திருந்தேன். பசை காய்ந்துபோயிருக்கிறது. அடிப்பாகம் முன்னாலிருந்து குதிகால் வரை உரிந்து, அடி வைக்கும்போதெல்லாம் பட் பட் என்று கைதட்டியது. பத்தே நிமிடத்தில் இடதும் சேர்ந்துகொண்டது. ஒரு பிள்ளை தன் பை வாரைக் கழற்றிக் கட்டிவிட்டான். அந்த வாரோடு ஊர் எல்லைக்கு வந்ததும் வழிகாட்டி நின்றார். "இனிமே எல்லாரும் செருப்பைக் கழட்டிடுங்க." வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. எங்கே திரும்பினாலும் கோயில், ஊர் முழுக்கவே சாமி இருக்கிற இடம் என்று வைத்திருக்கிறார்கள். சென்னைப் பிள்ளைகள் ஐயாயிரம் ரூபாய் ஷூக்களைக் கையில் தூக்கிக்கொண்டு, கல் குத்தக் குத்த, தாண்டித் தாண்டி நடந்தார்கள். தபால் ஆபீஸில் வெறுங்காலோடு உட்கார்ந்தே பழகிய எனக்கு அன்றைக்கு முதல் தடவையாக ஒரு முன்னிலை கிடைத்தது.

ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொன்னார்கள். என் வயதுக்காரம்மா ஒருவர், அவர்கள் தோட்டத்துக் காப்பிக்கொட்டையை வறுத்து இடித்த பொடியில் கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி கொடுத்தார். டம்ளரின் விளிம்பு வரை ஊற்றியிருந்தார், தூக்கும்போது விரலில் வழிந்தது. "எந்த ஊருங்க?" பெரியகுளம் என்றேன். "அட, அந்தா தெரியுதே" என்று கையை நீட்டினார். திண்ணையிலிருந்தே தெரிந்தது. வயல், தென்னை, நடுவில் ஒரு பொட்டு மாதிரி எங்கள் ஊர். "ராத்திரி லைட் எரியறப்போ நட்சத்திரம் மாதிரி இருக்கும். சின்னப் புள்ளையில நாங்க எண்ணுவோம்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. காப்பி சூடு என்று சமாளித்தேன்.

உரிந்த ஷூவைப் பார்த்துவிட்டு அந்தம்மா உள்ளே போய் அவர் மகனுடைய ரப்பர் செருப்பைக் கொண்டுவந்தார். எனக்கு இரண்டு சைஸ் பெரியது. "ஊர் எல்லை தாண்டிப் போட்டுக்கங்க. குதிரைக்காரங்ககிட்டக் குடுத்தனுப்புங்க, வந்துரும்."

அதற்குக் கீழே இன்னும் இறக்கம், வெயில், முட்டியில் ஒரு தனி நெருப்பு. மதியம் மூன்றரைக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கும்பக்கரை. சின்ன வயதிலிருந்து நூறு தடவை குளித்த அருவி, யானைக் கெஜம் என்கிற ஆழமான குழிப் பக்கம் போகாதே என்று அப்பா காதைத் திருகிய இடம். அதை மேல்பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு யாரோ வீட்டுக் கொல்லை மாதிரி இருந்தது.

வெளியே மாங்காய்க் கீற்று விற்கிற அக்கா என்னைத் தெரிந்தவர். ஓய்வூதியப் பணத்துக்காக மாதாமாதம் என் கவுண்டருக்கு வருகிறவர். பெரிய செருப்பு, கம்பு, தலையெல்லாம் சருகோடு என்னைப் பார்த்துவிட்டு, "எப்ப உள்ள போனீக? காலையிலேருந்து இங்கதான் இருக்கேன், பார்க்கலையே?" என்றார்.

"உள்ள போகலக்கா. மேலேருந்து வர்றேன்."

அவர் மாங்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு மலையை அண்ணாந்து பார்த்தார், அப்புறம் செருப்பைப் பார்த்தார்.

நான்கு நாள் கழித்து மாடிப்படி இறங்கும் அளவுக்கு முட்டி சரியானது. ஆட்டோ பிடித்துக் கும்பக்கரை போய், செருப்பைக் கழுவி ஒரு பையில் போட்டு, கூடவே அரைக் கிலோ முறுக்கும் வைத்துக் குதிரைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.